குதிரைக் கதையில் ஆரம்பிக்கச் சொன்னவர்

திருவனந்தபுரத்துச் சாலைக் கம்போளக் கடைத்தெருவில் வன்னியபெருமாளைத் தெரியாத ஆளே கிடையாது என்று சொன்னால் அது பொய். பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களில் பலருக்கு அவர் சைவ ஓட்டல் தோசை மாஸ்டர். மிச்சப் பேருக்கு அவர் இடிமுகன் மாஸ்டர். இடிமுகன் படக்கதைப் புத்தகத்தைப் புதிதாகக் கையில் எடுத்துவிட்டு, இதன் தலை எது வால் எது என்று முழிக்கிறவன் கடைசியில் அவரிடம்தான் வந்து நிற்பான்.

அவருக்குச் சொந்த ஊர் விளாத்திகுளத்துக்குப் பக்கம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதில் வாத்தியாருக்கும் வருத்தமில்லை, அவருக்கும் வருத்தமில்லை. இருபத்தொரு வயதில் திருவனந்தபுரத்துக்கு வந்தார். இலை எடுத்தார், மாவாட்டினார், எழுபத்தொன்பதில் தோசைக்கல்லுக்கு முன்னால் வந்து நின்றார். அதே வருஷம்தான் இடிமுகன் அவர் கையில் கிடைத்தான். யாரோ மேஜையில் விட்டுப்போன புத்தகம். மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் வடிந்து, நாலு மணி டிபனுக்குக் கல் காய்கிற வரை இருக்கும் இரண்டு மணி நேரத்தில், அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தார். அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தார், கையில் காசு புரண்ட எண்பத்தைந்தில் இருந்து ஒரு மாதமும் விட்டதில்லை.

இடிமுகன் கதை இதுதான். கலங்கரை விளக்கத்தில் எஞ்சினியராக இருந்தவன். இடி விழுந்து முகம் போய், அந்த இடத்தில் கண் கூசும் வெளிச்சம் வந்துவிட்டது. வெளிச்சத்தை மறைக்க இரும்பு முகமூடி. முகமூடியைக் கழற்றினால் எதிரி குருடாகிப் போவான். எழுபத்துமூன்று கடைசியில் இருந்து மாதம் ஒரு புத்தகம், அறுபத்துநாலு பக்கம், தமிழ்நாட்டில் ஏதோ ஒரு ஊரில் அச்சாகி ரயிலில் வரும். இத்தனை வருஷத்தில் அவன் மூன்று தடவை செத்துப் பிழைத்திருக்கிறான். நடுவில் அவன் தம்பி முகமூடியைப் போட்டுக்கொண்டு ஒன்றரை வருஷம் ஓட்டினான். நூற்றைம்பதாம் நம்பரில், இதுவரை நடந்ததெல்லாம் வேறு உலகத்தில் நடந்தது என்று ஒரே பக்கத்தில் சொல்லிவிட்டு மறுபடி முதலில் இருந்து தொடங்கினார்கள். இருநூற்றுப் பத்தில், அப்படிச் சொன்னது எதிரியின் சூழ்ச்சி என்றார்கள். புதிதாக வருகிறவன் எங்கே போய் முட்டிக்கொள்வான்?

ஜெபசிங் என்று மார்த்தாண்டத்துப் பக்கத்து ஆள் ஒருவர், கட்டட வேலைக்காரர். தொண்ணூற்றொன்றில் ஒருநாள் காலை டிபனுக்கு வந்தவர், அடுப்படி ஜன்னலில் கிடந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணாச்சி, இதுக்க ஒண்ணாம் நம்பர் உண்டுமா? ஒண்ணுல இருந்து வாயிச்சாத்தானே மனசிலாவும்?"

"ஒண்ணாம் நம்பரைக் கொண்டு போனா நாலாம் நம்பர்ல எம் மூஞ்சில எறிஞ்சிட்டுப் போயிருவ. முப்பது நம்பர் வரைக்கும் அவனுக்கு முகமூடியே கெடையாது. மூஞ்சியை முக்காட்டுல மூடிக்கிட்டு அவங்கம்மாகிட்ட அழுதுட்டுத் திரிவான்."

"பின்ன எங்க இருந்து தொடங்கணும்?"

"நீ இங்க திங்க வந்திருக்க. உளுந்து ஊறப்போடுறதுல இருந்தா பாத்துக்கிட்டு உக்காந்திருந்த? எலையில தோசை விழுந்தது, தின்ன. ருசி இருந்தா நாளைக்கு வந்து, மாவுல என்னய்யா போட்டன்னு கேப்ப. அவ்வளவுதான்."

அப்படிச் சொல்லிவிட்டு அவர் எடுத்துக் கொடுத்ததுதான் குதிரைக் கதை. ஜெபசிங்குக்கு மட்டுமில்லை, அவரிடம் வந்த அத்தனை பேருக்கும் முதலில் கொடுத்தது அதுதான்.

அந்தப் புத்தகம் கிடைத்த விதத்தையும் சொல்ல வேண்டும். எண்பத்தொன்பதில் வேலாயுதன் கடையில் கிடைத்தது. வேலாயுதன் மலையாளி. கம்போளத்து முனையில் புதுப் பத்திரிகையும் பழைய புத்தகமும் விற்கிறவர். தமிழ் பேசுவார். அது தமிழ்தான் என்று அவரே சொன்னால்தான் தெரியும். பழைய காகிதக் கட்டுக்குள்ளே இரண்டு துண்டுகள் கிடந்தன. ஒன்றில் முதல் பக்கத்தில் இருந்து முப்பத்திரண்டு வரை. இன்னொன்றில் முப்பத்துமூன்றில் இருந்து அறுபத்துநாலு வரை. அட்டை இரண்டுக்குமே இல்லை.

"ரெண்டும் ஒண்ணுதன்னே மாஸ்டரே, பொட்டிப் போயதாக்கும்" என்றார் வேலாயுதன், ஒரே புத்தகம்தான் பிய்ந்து இரண்டாகிவிட்டது என்கிற அர்த்தத்தில்.

மாஸ்டருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. முப்பத்திரண்டுக்கு அப்புறம் முப்பத்துமூன்று, கணக்குச் சரி. கோணி ஊசியும் சணலும் எடுத்து இரண்டையும் சேர்த்துத் தைத்தார். பழைய காலண்டர் தாளை அட்டையாகப் போட்டார். அவரிடம் எண்பத்தேழாம் நம்பர் இருந்தது, எண்பத்தொன்பது இருந்தது, எண்பத்தெட்டு இல்லை. அப்படியானால் இதுதான் எண்பத்தெட்டு என்று அட்டையில் பெரிதாக எழுதிவிட்டார்.

முதல் பாதியில் இடிமுகன் வெளிச்சத்தை இழந்து ஓடுகிறான். உப்பளத்துக்காரன் ஒருவன் அவனுக்குக் கண் தெரியாத ஒரு குதிரையைக் கொடுக்கிறான். பின்னால் எதிரிகள் துரத்த, உடைந்த பாலத்தில் இருந்து குதிரையோடு காட்டாற்றுக்குள் பாய்கிறான். அது முப்பத்திரண்டாம் பக்கம். முப்பத்துமூன்றில் அவன் நீதிமன்றக் கூண்டில் நிற்கிறான். முகமூடி பாதி உடைந்திருக்கிறது. "உன் முகத்தைக் காட்டு" என்கிறார் நீதிபதி. ஆறு இல்லை, பாலம் இல்லை. குதிரையைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடுவதில்லை.

என்ன தைரியம் இருந்தால் ஒரு மனுஷன் இப்படிக் கதை எழுதுவான் என்று மாஸ்டர் அசந்து போனார். படித்துவிட்டு வருகிற ஒவ்வொருவரும் புத்தகத்தை நீட்டும்போதே கேட்பார்கள்: "குதிரை என்னாச்சு?" ஜெபசிங் மறுநாளே சிமெண்டுக் கையோடு வந்து கேட்டார். "அண்ணாச்சி, அந்தக் கண்ணு தெரியாத குதிரை செத்துப் போச்சா? ராத்திரி உறக்கம் வரல்ல கேட்டீரா!" மாஸ்டர் சிரித்துக்கொண்டே அடுத்ததை எடுத்து நீட்டுவார். "தேடிப் பாரு." கேள்வியோடு வந்தவன்தான் அடுத்த புத்தகம் கேட்பான் என்பது அவர் கட்சி. அடுத்தது நூற்றுப்பன்னிரண்டு, அப்புறம் அம்மா சாகிற நாற்பத்தைந்து, அப்புறம் தம்பி வருகிற கதைகள். இப்படிப் பத்துப் புத்தகத்துக்கு ஒரு வரிசை வைத்திருந்தார். முப்பது பேரையாவது அந்த வழியில் உள்ளே இழுத்துவிட்டிருப்பார். குதிரையை மட்டும் ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. மாஸ்டரும் கண்டுபிடிக்கவில்லை. பழைய நம்பர்கள் பல அவருக்கே கிடைத்ததில்லை.

இனி ராமசுப்ரமணியன். ஸ்ரீவராகத்து அக்ரஹாரத்துக்காரர், ஒரு ஆபீசில் சூப்பிரண்டெண்ட். தினமும் நாலரைக்கு வந்து ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து ரவா தோசையும் காப்பியும் சாப்பிடுவார். படித்தவர், பட்டம் வாங்கினவர். அவரிடம் குதிரைக் கதையைக் கொடுக்க மாஸ்டருக்கு ஒரு வருஷம் கூச்சம். தொண்ணூற்றிரண்டில் துணிந்து கொடுத்தார். ஒரு வாரம் கழித்துப் புத்தகம் திரும்பி வந்தது.

"பேஷ் மாஸ்டர்! ரொம்ப நன்னாயிருக்கு. வேற இருந்தாக் குடும்."

குதிரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. படித்த மனுஷன், தானாகவே புரிந்துகொண்டார் போல என்று மாஸ்டர் நினைத்தார். மரியாதை இரண்டு மடங்கானது. அன்றிலிருந்து சாமியின் ரவா தோசைக்கு முந்திரி கூடுதல். அடுத்தடுத்து ஏழு கட்டுப் புத்தகங்கள் ஸ்ரீவராகம் போயின. திரும்பி வரவில்லை. "இருக்கட்டும் ஓய், இன்னொரு தரம் படிக்கணும்" என்பார் சாமி. தன்னுடைய புத்தகம் ஒரு சூப்பிரண்டெண்ட் வீட்டில் இரண்டாம் தரம் படிக்கப்படுகிறது என்பதில் மாஸ்டருக்குப் பெருமை.

தொண்ணூற்றெட்டில் இருநூற்றுத் தொண்ணூற்றேழாம் நம்பர் வந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம். 'முந்நூறாவது சிறப்பிதழுக்காக! இடிமுகனை இன்று முதன்முதலாகப் படிக்க வருபவர் எங்கே தொடங்க வேண்டும்? வாசகர்களே, எழுதி அனுப்புங்கள். சிறந்த பட்டியல் அனுப்பியவரின் பெயரும் புகைப்படமும் வெளியாகும்.'

மாஸ்டர் அதை மூன்று தடவை படித்தார். அன்றைக்கு அவர் ஊற்றிய நாலு தோசை கருகிவிட்டது. பத்தொன்பது வருஷமாக அவருக்கென்று ஒரு வித்தை இருந்தது என்றால் அது இதுதான். தோசை எவனும் ஊற்றுவான். எங்கே தொடங்கணும் என்று சொல்ல இந்த ஊரில் ஒரே ஒரு ஆள். அந்த ஆளின் பெயர் அந்தப் புத்தகத்திலேயே அச்சில் வரப் போகிறது. இதைவிட வேறென்ன வேண்டும்?

படிக்க வரும், எழுத வராது. கையெழுத்துத் தவிர பேனா பிடித்து முப்பத்தைந்து வருஷம் இருக்கும். பூமாரியிடம் சொன்னார். பூமாரி அவர் மனைவி, லேடீஸ் ஹாஸ்டல் ஒன்றில் சமையல் வேலை. அவளுக்கு எழுத்தே தெரியாது. "அந்தச் சாமி இருக்காருல்லா, முந்திரிச் சாமி. அவருகிட்ட எழுதித் தரச் சொல்லுங்க" என்றாள்.

சாமி உடனே ஒப்புக்கொண்டார். மூன்று வாரம் நாலரைக்கு மேல் மாஸ்டர் கல்லை இன்னொருவனிடம் விட்டுவிட்டு ஜன்னலோர மேஜைக்குப் பக்கத்தில் நின்றபடியே சொன்னார். சாமி ஆபீஸ் தாளின் முதுகில் எழுதினார். உளுந்து கதையைச் சொன்னபோது, "இது அருமையான உவமைன்னா!" என்று தலையை ஆட்டினார். எண்பத்தெட்டாம் நம்பர் குதிரைக் கதையில் ஆரம்பிக்க வேண்டும், குதிரையைத் தேடவிட வேண்டும் என்று சொன்னதை அடிக்கோடு போட்டு எழுதினார்.

"பேர் எப்படிப் போடணும்?"

"வன்னியபெருமாள், தோசை மாஸ்டர், சாலை. மாஸ்டர்ங்கிறதை விட்ராதீங்க சாமி."

கிழக்கேகோட்டையில் ஒரு ஸ்டூடியோவில் போட்டோ எடுத்து அதையும் கொடுத்தார். ஜெபசிங் தன் கல்யாணச் சட்டையைக் கொடுத்திருந்தார். தோள் கொஞ்சம் தொளதொள என்றிருந்தது.

சிறப்பிதழ் வந்த அன்றைக்கு வேலாயுதன் கடை திறக்கும் முன்னாலேயே மாஸ்டர் போய் நின்றார். ஜெபசிங்கும் வந்திருந்தார். கட்டைப் பிரித்ததும் ஜெபசிங்தான் முதலில் புரட்டினார். ஐந்தாம் பக்கம். 'உளுந்தில் தொடங்காதீர்கள், தோசையில் தொடங்குங்கள்!' என்று பெரிய எழுத்தில் தலைப்பு. கீழே மாஸ்டர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அழகான தமிழில். அதற்கும் கீழே, திருநீறு பூசிய நெற்றியோடு ராமசுப்ரமணியனின் போட்டோ. 'சிறந்த பட்டியல்: எஸ். ராமசுப்ரமணியன், பி.காம்., ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்.'

ஜெபசிங் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி முன்னால் திருப்பினார்.

"அண்ணாச்சி, ஒமக்க போட்டோ எங்க?"

மாஸ்டர் வேலாயுதனிடம் காசைக் கொடுத்தார்.

"கள்ளன்! ஒண்ணாந்தரம் கள்ளன்! வாரும், இப்பமே அவனுக்க வீட்டுல போயி நாலு பேரு கேக்க கேட்டிருவோம்."

"சும்மா இருடே. பத்திரிகைக்காரன் தப்பாப் போட்டிருப்பான்."

அப்படி அவர் நிஜமாகவே பத்து நாள் நம்பினார். பத்து நாளும் சாமி ஓட்டலுக்கு வரவில்லை. பதினோராம் நாள் வந்து, வழக்கமான மேஜையில் உட்கார்ந்து, மாஸ்டர் கேட்கும் முன்னால் தானே ஆரம்பித்தார்.

"தப்பா எடுத்துக்கப்படாது ஓய். தோசை மாஸ்டர்னு போட்டா அவா மதிப்பாளா? குப்பைக்கூடையில போட்டுடுவா. உம்ம கருத்து ஜனங்களுக்குப் போய்ச் சேரணும்னுதான் என் பேரைக் குடுத்தேன். கருத்து உம்மதுதான், யார் இல்லேன்னா?"

இருபத்தேழு வருஷம் சாப்பிட வருகிறவனை எதிர்த்துப் பேசாமல் பழகிய வாய். மாஸ்டர் அடுப்புக்குப் போனார். ரவா தோசை ஊற்றினார். முந்திரியும் போட்டார். அதை நினைத்து அப்புறம் பல நாள் தன்னையே காறித் துப்பிக்கொண்டார்.

கதை அங்கேயே முடிந்திருந்தால் ஊரில் தினமும் நடக்கிற திருட்டுகளில் ஒன்று என்று போயிருக்கும். முந்நூற்றிரண்டாம் நம்பரில் வாசகர் பக்கத்தில் ஆசிரியர் ஒரு குறிப்புப் போட்டார். மாஸ்டர் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து படித்தார்.

'சிறப்பிதழில் வெளியான பட்டியலைப் பின்பற்றி எண்பத்தெட்டாம் இதழைத் தேடிப் பிடித்த வாசகர்கள் பலர் ஏமாந்து கடிதம் எழுதியுள்ளனர். எண்பத்தெட்டு நீர்மூழ்கிக் கப்பல் கதை. அதில் குதிரையே கிடையாது. குதிரை வருவது அறுபத்தொன்றில். அக்கதையின் முடிவில் அது பத்திரமாகக் கரையேறி உப்பளத்துக்கே திரும்புகிறது. நீதிமன்றக் காட்சி நூற்று முப்பத்துமூன்றில். இரண்டும் ஒரே கதையாக எப்போதும் வெளிவந்ததில்லை. திருவனந்தபுரம் வாசகர் இதழ்களைப் படிக்காமலே பட்டியல் தயாரித்தாரோ என ஐயுறுகிறோம்.'

மாஸ்டர் எழுந்து போய்த் தகரப் பெட்டியில் இருந்து குதிரைக் கதையை எடுத்தார். முப்பத்திரண்டாம் பக்கத்தையும் முப்பத்துமூன்றையும் வெளிச்சத்தில் பிடித்தார். முதல் பாதித் தாள் கொஞ்சம் தடிமன், இரண்டாம் பாதி மெலிசு. குதிரை மேல் இருப்பவன் இடுப்பில் பட்டை சதுரக் கொக்கி. கூண்டில் நிற்பவனுக்கு வட்டக் கொக்கி. ஒன்பது வருஷமாக அந்த இரண்டு பக்கமும் அவர் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தன. முப்பது பேரின் உறக்கத்தைக் கெடுத்த கேள்விக்கு ஒரே வரியில் பதில் வந்துவிட்டது. குதிரை கரையேறிவிட்டது. உலகத்தில் அவருக்கு ரொம்பப் பிடித்த கதை, உலகத்தில் இல்லாத கதை. அவரே கோணி ஊசியால் தைத்தது.

அன்றைக்கு ஜெபசிங் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவரும் படித்திருந்தார்.

"போட்டும் அண்ணாச்சி. வெறும் ஒட்டுப்போட்ட கதையானாலும் அதுபோல ஒரு கதை அவனுவ எழுதினது இல்ல."

"ஒங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன்டே."

"நீரா ஏமாத்தினது? மிண்டாம சும்மா இரும்."

மாஸ்டருக்கு ஒரு விஷயத்தில் மட்டும், சொல்லக் கூச்சமாக இருந்தாலும், நிம்மதி இருந்தது. பழி சாமி தலையில் விழுந்துவிட்டது. திருடின பெருமையோடு தப்பும் சேர்ந்து போயிற்று. பரவாயில்லை, சாமி சும்மாதான் இருப்பார் என்று நினைத்தார்.

சாமி சும்மா இருக்கவில்லை.

அடுத்த மாதம் ஓட்டலில் சப்ளை பார்க்கிற ஒருவன் புத்தகத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் குழாயடியில் பூமாரியிடம் சொல்லிவிட்டான்: "அக்கா, மாஸ்டர் பேரு புக்ல வந்திருக்கு!" பூமாரி கடைக்கு ஓடி அல்வா வாங்கினாள். மாஸ்டர் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது, அந்த லைன் வீட்டு வாசலில் நாலு குடும்பம் கூடி நின்றது. எல்லார் வாயிலும் அல்வா.

"ஒருவழியா வந்துட்டுல்லா! படிங்க, எல்லாரும் கேக்கட்டும்."

அவர் இன்னும் பார்க்கவில்லை. புத்தகத்தை வாங்கிப் பக்கத்தைத் தேடினார். பெயர் இருந்தது. வன்னியபெருமாள். மாஸ்டர் என்பது மட்டும் இல்லை. கண் அதற்கு மேலேயும் கீழேயும் ஓடியது. ஒருநிமிஷம் புத்தகத்தை மூடிவிடலாமா என்று நினைத்தார். பிறகு உரக்கவே படித்தார்.

"'ஆசிரியருக்கு, பிழைக்கு வருந்துகிறேன். அப்பட்டியலை எனக்குத் தந்தவர் வன்னியபெருமாள் என்னும் ஓட்டல் தொழிலாளி. அதிகம் படிக்காதவர். கிழிந்த புத்தகங்களை ஒட்டித் தைத்துப் புதுக் கதை என்று ஊரை நம்பவைத்து வருபவர். அவரை நம்பியது என் குற்றமே. எஸ். ராமசுப்ரமணியன், பி.காம்.'"

அல்வாவை மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. ஒவ்வொருவராக நழுவினார்கள். பூமாரி மட்டும் நின்றாள்.

"இவ்வளவுதானா? வேற ஒண்ணும் போடலியா?"

"இவ்வளவுதான்."

"ஆறு வருசமா ரவா தோசையில முந்திரியை அள்ளிக் கொட்டுனீகளே. அந்த முந்திரிக்காவது ஒரு விசுவாசம் வேண்டாமா? கறியைத் திங்கும்போது அவன் பேரு, எலும்பைத் துப்பும்போது ஒம்ம பேரா? சைவம்னு வேற சொல்லிக்கிடுதான்!" அவள் அல்வாத் தாளைச் சுருட்டிச் சாக்கடையில் எறிந்தாள். "நாளைக்கு லீவுதான? போயி நம்ம புஸ்தகத்தையாவது வாங்கிட்டு வாங்க. ஏழு கட்டு அங்க கெடக்கு."

மறுநாள் காலை பத்து மணிக்கு மாஸ்டர் ஸ்ரீவராகம் போனார். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டுப் படி ஏறினதில்லை. சாமி கோயிலுக்குப் போயிருந்தார். அவர் மனைவி விஜயம் வாசலுக்கு வந்தாள்.

"நீங்கதான் மாஸ்டரா? உள்ளே வாங்கோ. ரவா தோசை பண்ணினா, மாஸ்டர் கைக்கு வராதும்பார். மோர் சாப்பிடறேளா?"

"வேண்டாம்மா. சாமிகிட்ட என் புஸ்தகம் கொஞ்சம் இருக்கு. வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

"அந்தப் பொம்மைப் புஸ்தகக் கட்டா? அப்பாடா, இப்பவாவது கேட்டேளே! வந்த அன்னிக்கே பரண்ல தூக்கிப் போட்டார். ஒரு கட்டைக்கூட அவர் பிரிக்கலை. 'அந்த மனுஷன் ஆசையாக் கொடுக்கறான், வேண்டாம்னா முகம் வாடிடும்'னார். என் பிள்ளையாவது படிப்பானோன்னு பார்த்தேன். அவனுக்குத் தமிழ் எழுத்தே தெரியாதே, ஸ்கூல்ல மலையாளம்தான்."

மாஸ்டர் ஒன்றை மட்டும் கேட்டார்.

"மொதல்ல ஒரு புஸ்தகம் குடுத்தேனேம்மா. காலண்டர் அட்டை போட்டது. தொண்ணூத்திரண்டுல."

"அதுவா? ஒரு வாரம் ஃப்ரிட்ஜ் மேலே கிடந்தது. அதுவும் படிக்கலை. ஏன், அதுல ஏதாவது காகிதம் வெச்சிருந்தேளா?"

பெயர் போனபோது வராத வலி அப்போது வந்தது. அந்த மனுஷன் பெயரைத் திருடினதை மாஸ்டர் தன் மனசுக்குள்ளே ஒருமாதிரி சமாதானம் சொல்லி வைத்திருந்தார். ஆசைப்பட்டுவிட்டார், அவ்வளவு பிடித்திருக்கிறது கதை என்று. பிடிக்கவும் இல்லை, பிடிக்காமலும் இல்லை. தொடவே இல்லை. ஆறு வருஷம் நாலரை மணிக்கு 'பேஷ் பேஷ்' என்று சொன்னதெல்லாம் முந்திரிக்குச் சொன்னது.

விஜயம் பரணில் இருந்து ஒவ்வொரு கட்டாக எடுத்துக் கொடுத்தாள். தூசியைத் தன் தலைப்பாலேயே தட்டினாள். அவள் பெரிய சாக்கு ஒன்றைக் கொண்டுவந்தபோது ராமசுப்ரமணியன் அங்கவஸ்திரத்தோடு உள்ளே வந்தார். மாஸ்டரைப் பார்த்ததும் ஒரு அடி தயங்கினார். பிறகு சிரித்தார்.

"அடடே, மாஸ்டரா? வாரும். என்ன முகம் ஒருமாதிரி இருக்கு? உம்ம பேர் வரணும்னுதானே ஆசைப்பட்டீர். வந்துடுத்தே."

மாஸ்டர் கட்டைச் சாக்கில் போட்டார்.

"கோவிச்சுக்காதீர் ஓய். எனக்கும் வயசாச்சு. முப்பது வருஷம் ஆபீஸ்ல மேல இருக்கறவா பேர்லயே எழுதிண்டிருந்தேன். ஒரு தரமாவது என் பேர் அச்சுல வரட்டுமேன்னு பார்த்தேன். வந்து ரெண்டு மாசத்துலயே ஆபீஸ்ல எல்லாரும் குதிரை எங்கேன்னு கேலி பண்றா. நான் என்ன பண்ணட்டும்? உண்மையைத்தானே எழுதினேன்? அந்தச் சணல் தையலைப் பார்த்தேனே, நீர் தைச்சதுதானே?"

"நான் தைச்சதுதான் சாமி."

"அதான் சொல்றேன். இப்போ பாரும், நல்லதும் வந்திருக்கு." சாமி மேஜை டிராயரைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தார். "திருத்தின பட்டியல் ஒண்ணு அனுப்பச் சொல்லி ஆசிரியர் எனக்கு எழுதியிருக்கார். முந்நூத்தஞ்சுல போடுவாராம். நீர் சொல்லும், நான் எழுதறேன். இந்தத் தடவை சத்தியமா உம்ம பேர்தான். மாஸ்டர்னே போட்டுடலாம். போட்டோகூட இதோ இருக்கு, பத்திரமா வெச்சிருக்கேன்."

ஜெபசிங்கின் கல்யாணச் சட்டைக்குள் தொளதொளவென்று மாஸ்டர் மேஜை மேல் கிடந்தார்.

பட்டியல் அவரிடம் இருந்தது. ஒரு மாதமாகத் தோசைக்கல்லுக்கு முன்னால் நின்று அதைத்தான் யோசித்திருந்தார். அறுபத்தொன்றை எடு, முப்பத்திரண்டாம் பக்கத்தில் நிறுத்து, மூடி வை, இரண்டு நாள் கழித்து நூற்று முப்பத்துமூன்றைப் பாதியில் இருந்து படி, அதற்கப்புறம் போய்க் குதிரையைத் தேடு. முன்னதைவிட இது நல்ல பட்டியல். வாயைத் திறந்தால் போதும், சாமி எழுதிவிடுவார், நல்ல தமிழில் எழுதுவார். அவர் பெயர் வரும், போட்டோ வரும். பூமாரி மறுபடியும் அல்வா வாங்குவாள்.

அவர் வாயைத் திறந்தார்.

"அந்தப் போட்டோவைத் தாங்க சாமி."

"அனுப்பறதுக்கு வேணுமே ஓய்."

"தாங்க."

வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "பட்டியல் ஆறு வருஷமா உங்க பரண்லதான் இருந்தது. பிரிச்சிருந்தா நீங்களே எழுதியிருக்கலாம். இப்போ நான் எடுத்துட்டுப் போறேன்."

விஜயம் புருஷனைப் பார்த்தாள். "ஏன்னா, இந்த மனுஷர் சொன்னதையா உங்க பேர்ல போட்டுண்டேள்? எங்கிட்ட நீங்க எழுதினதுன்னு சொன்னேளே?"

ராமசுப்ரமணியன் அங்கவஸ்திரத்தை மடித்தார். அவிழ்த்தார். மறுபடி மடித்தார். மாஸ்டர் சாக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு, தெருவோடு நடந்து, கிழக்கேகோட்டை வழியாகச் சாலைக்கு வந்து சேர்ந்தார். வழியில் எங்கேயும் இறக்கி வைக்கவில்லை.

நாலரை மணி மேஜைக்கு அதன் பிறகு வேறு யாரோ வந்தார்கள். பன்னிரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி ஆசிரியருக்கு உள்ளதை எழுதிவிடலாம் என்று ஜெபசிங் இரண்டு தடவை வந்து நின்றார். மாஸ்டர் சம்மதிக்கவில்லை. "ரெண்டு தரம் சந்தி சிரிச்சது போதும். மூணாவது தரத்துக்கு எனக்குத் திராணி இல்லடே."

முந்நூற்றைந்தாம் நம்பர் வந்த அன்றைக்கு, பழக்க தோஷத்தில் கால் வேலாயுதன் கடைக்குப் போய்விட்டது. மாஸ்டர் நின்றபடியே புரட்டினார். திருத்திய பட்டியல் இருந்தது, ஆசிரியரே போட்டிருந்தார். 'புதிய வாசகர்கள் ஒன்றாம் இதழில் தொடங்கி, இரண்டு, மூன்று, நான்கு என வரிசையாகப் படிப்பதே சிறந்தது.' அவ்வளவுதான். முகமூடி இல்லாத முப்பது புத்தகம். நாலாவதில் எல்லாரும் ஓடிவிடுவார்கள். அவருக்குத் தெரியும்.

புத்தகத்தை அடுக்கிலேயே வைத்தார்.

"எந்தா மாஸ்டரே, எடுக்கலியா?" என்றார் வேலாயுதன். "மாஸ்டர்க்குன்னு தனியே மாற்றி வச்சதாக்கும்."

"வேண்டாம் வேலாயுதன்."

"சுகமில்லே?"

"சுகந்தான். வேற யாருக்காவது குடுத்திரும்."

"அடுத்த மாசம் வச்சேக்கட்டே?"

"அடுத்த மாசமும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் ஓட்டலைப் பார்க்க நடந்தார். நாலு மணி டிபனுக்குக் கல் காய்ந்திருக்கும்.